நான்காவது கட்டம்

படிவத்தின் நான்காவது கட்டம் கேட்கிறது:
நிலத்தின் முந்தைய உரிமையாளர்?
கடல் என்று எழுதினால்
சேன்-தெனி அலுவலகம் திருப்பி அனுப்பும்.

ரீயூனியனின் தென்கிழக்கு மூலை, லெ த்ராம்ப்லே.
கொஞ்சம் வனிலா, நிறையத் தாழை, அதைவிட நிறைய மழை.
ஏப்ரலில் உலை வாய் பிளந்தது
(இந்த மலைக்கு இவர்கள் வைத்த பெயரே உலை).
சாலையை அறுத்துக்கொண்டு இறங்கிய குழம்பு
அலையில் விழுந்து அலறி, ஆவி கக்கி,
கடல் இருந்த இடத்தில் உறைந்து
எனக்கு மூன்று மாத வேலை வைத்தது.

நான் கிளாரிஸ் வெலயூதோம். நில அளவையாளர்.
வேலாயுதம்தான்.
கப்பலிலிருந்து இறங்கியவரைக் கேட்டு எழுதிய குமாஸ்தா
காதில் விழுந்ததை எழுதினார்.
என் தொழிலில் இது பழகிய விஷயம்:
முதலில் எழுதியவரின் பிழைதான்
பிறகு எல்லைக்கல்.

புல்டோசர் ஓட்டும் ஒனொரே பாயே
சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்:
"இதே மலைதானா மொரீஷியஸையும் போட்டது?"

மலை இல்லை, ஒனொரே. அடியில் இருக்கும் நெருப்பு.
தையல் இயந்திரம் பார்த்திருப்பீர்கள்.
ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும்,
துணிதான் நகரும்.
இங்கே ஊசி கீழிருந்து குத்துகிறது.
துணி, கடலின் தரை.
நகம் வளரும் வேகத்தில் போகிறது.
முதல் குத்து தக்காணத்தில்,
ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்.
பிறகு லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ்.
நடுவில் துணியே கிழிந்தது.
கிழிசலுக்கு இந்தப் பக்கம் மொரீஷியஸ்,
அப்புறம் நாம், கடைக்குட்டி.
ஊசி இன்னும் நம் அடியில்தான்.

"மாலத்தீவில் மலையே கிடையாதே?"

இருந்தது.
தன் கனம் தாங்காமல்
படுத்திருந்த தரையோடு சேர்ந்து அமிழ்ந்தது.
பவளம் விடவில்லை.
மலை ஒரு விரற்கடை இறங்கினால்
பவளம் ஒரு விரற்கடை ஏறியது.
இறங்கி முடிந்தபோது
நடுவில் தண்ணீர், சுற்றிலும் வளையல்.
கை எங்கே என்று இப்போது கேட்கிறீர்கள்.

அவர் சிரிக்கவில்லை.
திரும்பி மலையைப் பார்த்தார்.
"அப்போ இதுவும்?"
இதுவும்.
"நான் ஓய்வு பெறுவதற்கு முன்பா?"

தீவுக்கூட்டம் என்கிறோம்.
கூட்டம் என்றால் ஒருநாளாவது கூடியிருக்க வேண்டாமா?
ஒன்று தலை தூக்கும்போது
மூத்தது பாதி கரைந்திருந்தது.
அதற்கும் மூத்தது
தண்ணீருக்கடியில், யாருடைய வரைபடத்திலும் இல்லாமல்.

குழம்பு கடலைத் தொட்ட வாரம்
ஆழத்து மீன்கள் செத்து மிதந்தன.
வெளிச்சமே பார்க்காத ஊரிலிருந்து
இவ்வளவு பெரிய கண்களோடு.
ஆராய்ச்சிக்காரர்கள் வாளியோடு ஓடி வந்தார்கள்.
ஒனொரேயின் மைத்துனர் ஒன்றை வறுத்துப் பார்த்தாராம்.
ஈரக் காகிதம் மாதிரி இருந்ததாம்.

மழை பெய்தால் தரை இன்னும் புகைகிறது.
பூட்ஸின் அடிப்பாகம் இளகுகிறது, முக்காலியை
ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் நிறுத்த முடியாது.
வடக்கே: சாலை (இப்போது இல்லை).
மேற்கே: போன ஆண்டு வரை கரை.
கிழக்கே, தெற்கே: கடல்.
உரிமையாளர்: அரசு. சட்டம் அப்படி.

நேற்று கிழக்கு முனைக்கு எண் போட்டேன்.
இன்று காலை முனை இல்லை.
கொடுத்ததில் நான்கு மீட்டரை
ராத்திரியோடு ராத்திரியாக அலை பிடித்தம் செய்திருந்தது.
அழித்து எழுதினேன்.
அலுவலகம் மையில்தான் எழுதச் சொல்கிறது.
பென்சிலில் எழுதி நகல் எடுத்து அனுப்புகிறேன்,
இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மாலையில் பூட்ஸைக் கழற்றி உதறினேன்.
ஒரு கரண்டி பச்சை மணல்.
ஒனொரே உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்,
மூன்று மாதம்கூட ஆகாத மணல்.
"இதையும் கணக்கில் சேர்த்தீர்களா?" என்றார்.

நான்காவது கட்டம் இன்னும் காலி.